காருக்குள் தொங்கும் குரோஷாப் பூ: எங்கே, எந்த நூலில், எந்தப் பூ?

காரில் தொங்கவிட, கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷாவில் ஒரு சின்னப் பூ பின்னலாம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது பூவின் படத்தைத்தான். சூரியகாந்தியா, டியூலிப்பா, செம்பருத்தியா என்று அதிலேயே ஒரு மாலைப்பொழுது போய்விடும். என்னைக் கேட்டால் அது கடைசியாக முடிவுசெய்ய வேண்டிய விஷயம். கார் பகலில் எங்கே நிற்கிறது, யார் ஓட்டுகிறார், பின் சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்பது முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்தால் தொங்கவிடும் இடம் முடிவாகும், இடத்தை வைத்து நூல் முடிவாகும். அதற்குள் பாதிப் பூக்கள் தாமாகவே கழிந்துவிடும்.

நான் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையோரம், மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில். எங்கள் தெருவில் தமிழ்நாட்டு டி.என். 75 வண்டியும் கேரளத்துக் கே.எல். 19 வண்டியும் அடுத்தடுத்து நிற்கும். பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரண்டு பக்கமும்தான். புது வண்டி எடுத்தாலும், ஓணம் வந்தாலும், விஷு வந்தாலும் “காருக்கு ஒரு பூ பின்னித் தா” என்று யாராவது கேட்பார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்விகள்தான் இந்தக் கட்டுரை.

பின்னுவானேன், ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கிப் போட்டால் போதாதா என்றால், போதும். தோவாளைப் பூச்சந்தை இருக்கிற மாவட்டத்தில் அதைவிட மலிவான அலங்காரம் கிடையாது. டாக்ஸி ஓட்டும் அண்ணன்மார் பலர் காலையில் சாமி படத்துக்குப் பிச்சியோ கேந்தியோ (துலுக்கச் சாமந்தி) போட்டுவிட்டுத்தான் சாவியைத் திருகுகிறார்கள். ஆனால் கதவடைத்து வெயிலில் நிற்கும் காரில் மத்தியானத்துக்குள் சரம் கருகிவிடும். மறுநாள் எடுக்க மறந்தால் ஒரு வாடை வரும். பிளாஸ்டிக் பூவுக்கு அந்தத் தொந்தரவு இல்லை, ஆனால் வெயில் பட்டுப் பட்டு வெளுத்து, ஓரம் நொறுங்க ஆரம்பிக்கும். பின்னிய பூ வாடாது. அழுக்கானால் துவைக்கலாம், ஒரு இதழ் பிரிந்தால் தைத்துக்கொள்ளலாம். வாசனைக்குத்தான் வழி இல்லை. தினமும் பூ வாங்கிப் போடும் பழக்கம் உள்ளவர்கள் அதையே தொடரலாம், அவர்களுக்குக் குரோஷா தேவையே இல்லை.

எங்கே தொங்கவிடுவது

நாலு இடம் உண்டு: உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடி, கதவுக்கு மேலே உள்ள கைப்பிடி, முன் சீட்டின் தலையணைக் கம்பி, ஏசி காற்று வரும் துவாரம். இவற்றில் எல்லோரும் கேட்பது முதலாவதைத்தான். நான் தயங்குவதும் அதில்தான்.

எங்கள் மைனி கேட்டதும் அதைத்தான். அண்ணன் தினமும் திருவனந்தபுரம் போய் வருகிறவர்.

“அங்கதான் மக்கா பாக்க அழகா இருக்கும்.”

“மைனி, அண்ணன் கண்ணுக்கு நேர ஆடிக்கிட்டே இருக்கும்லா. குறுக்க ஒரு பைக் வந்தா தெரியாண்டாமா?”

“அப்பம் சின்னதா ஒண்ணு போட்டுத் தா.”

சின்னது என்றால் எவ்வளவு சின்னது? இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுகிறவரின் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே 60 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே தொங்கும் 5 செ.மீ. பூ, ஒரு கண்ணைப் பொறுத்தவரை, 20 மீட்டர் தூரத்தில் ஒன்றரை மீட்டருக்கும் மேல் அகலமான இடத்தை மறைத்துவிடும். சாலையைக் கடக்கும் ஒரு ஆள் அதற்குள் முழுசாக அடங்கிவிடுவார். நமக்கு இரண்டு கண் இருப்பதால் ஒரு கண்ணுக்கு மறைவது இன்னொரு கண்ணுக்குத் தெரியும், அதுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. ஆனால் பெரியவர்களின் இரு கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரம் சுமார் 6 செ.மீ.தான். பூ அதைவிட அகலமானால் அந்தக் காப்பும் போய்விடும். ஆகவே கண்ணாடியில்தான் போடுவேன் என்றால் பூவின் அகலம் 4 செ.மீ. தாண்டக்கூடாது, கயிறு கண்ணாடியின் அடியிலிருந்து நாலு விரலுக்குமேல் இறங்கக்கூடாது. சமூக ஊடகங்களில் வரும் படங்களில் உள்ளங்கை அகலச் சூரியகாந்தி தொங்குகிறதே என்றால், அந்தப் படங்களில் கார் நின்றுகொண்டிருக்கிறது.

சட்டமும் ஒன்று உண்டு. ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் பொருளை முன்கண்ணாடிப் பக்கம் தொங்கவிடக்கூடாது என்று கேரள மோட்டார் வாகனத் துறை எச்சரித்திருக்கிறது. 2021 ஜனவரியில் ‘ஆபரேஷன் ஸ்கிரீன்’ என்று கார்த் திரைகளையும் கறுப்பு ஃபிலிமையும் பிடித்தார்கள், அப்போதிருந்தே எல்லை தாண்டுகிறவர்கள் காருக்குள் தொங்குவதையெல்லாம் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார்கள். 2023 ஜூன் 5 முதல் அங்கே ஏஐ கேமராக்கள் சீட் பெல்ட்டையும் கைப்பேசியையும் பார்த்து அபராதம் போடுகின்றன. அந்தக் கேமரா பூவுக்காக வைத்ததல்ல. இருந்தாலும் வழியில் நிறுத்தும் அதிகாரியிடம் “இது கையால் பின்னியது சார்” என்று சொல்லித் தப்ப முடியாது. களியக்காவிளையைத் தாண்டி வாரம் முழுக்க ஓடும் வண்டிக்குக் கண்ணாடி வேண்டாம் என்பதே என் முடிவு. வீட்டிலிருந்து குழித்துறைச் சந்தைவரை போய்வரும் வண்டிக்குக்கூட நான் சிபாரிசு செய்வதில்லை, ஆனால் கேட்டால் சின்னதாகப் பின்னித் தருவேன்.

கைப்பிடிதான் எனக்குப் பிடித்த இடம். பின் இருக்கையின் இடது கைப்பிடி இன்னும் நல்லது: ஓட்டுநருக்கு இடைஞ்சல் இல்லை, வெளியே நிற்பவர்களுக்கும் தெரியும், நீளமான பூங்கொத்துக்கும் இடம் உண்டு. கவனிக்க வேண்டியது ஏர்பேக். ஆறு ஏர்பேக் உள்ள கார்களில் கூரையோரம், கைப்பிடிக்குப் பின்னாலேயே, திரை போல விரியும் ஏர்பேக் மடித்து வைத்திருக்கும். மோதலில் அது விரியும் வேகத்துக்கு அங்கே தொங்கும் எந்தக் கெட்டிப் பொருளும் ஆளைத் தாக்கும். அதனால்தான் அந்தப் பக்கம் உள்ள கொக்கியில் கெட்டியான பொருள்களை மாட்டாதீர்கள் என்று காரோடு வரும் கையேடுகளில் எச்சரிக்கை இருக்கும். கைப்பிடிக்காகப் பின்னும் பூவில் கம்பி, கண்ணாடி மணி, உலோக வளையம் எதுவும் இருக்கக்கூடாது. நூலும் பஞ்சும் மட்டும். ஏர்பேக் இருக்கும் இடத்தில் ‘ஏர்பேக்’ என்று தூணிலோ கூரையோரத்திலோ எழுதியிருக்கும், பார்த்துவிட்டு மாட்டுங்கள். எழுதியிருந்தால் தலையணைக் கம்பிக்கு மாறிக்கொள்வது இன்னும் நிம்மதி.

தலையணைக் கம்பியில் முன் சீட்டுக்குப் பின்பக்கமாகத் தொங்கவிட்டால் பின்னால் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டு வரலாம். குழந்தைகள் இருந்தால் பார்ப்பதோடு நிற்காது, பிடித்து இழுக்கும், வாயில் வைக்கும். அந்த வீட்டுக்கு மணி தைத்த பூவைக் கொடுக்காதீர்கள். இழுத்தால் பிரியாத முடிச்சுப் போடத் தெரிந்தால் இந்த இடம் தாராளமாகச் சரி.

ஏசி துவாரத்தில் மாட்டுவது தொங்கும் பூவே அல்ல, கிளிப்பில் ஒட்டிய பூ. தட்டையான பூக்களுக்கு அது ஏற்றது, வேறு சொல்வதற்கு ஒன்றுமில்லை. டாஷ்போர்டில் பசை வைத்து ஒட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள், பயணியின் ஏர்பேக் அந்த மூடிக்குக் கீழேதான் இருக்கிறது.

எந்த நூல்

இந்த ஒரு விஷயத்தில்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வித்தியாசம் தெரியும். எங்கள் பக்கத்துக் கடைகளில் நிறைய வகை கிடைக்கும், ஆனால் காருக்கு யோசிக்க வேண்டியவை மூன்று: அக்ரிலிக் (கடையில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் இதுதான், ஆட்டு ரோமம் ஒரு இழைகூட இருக்காது), பருத்தி, அப்புறம் இப்போது எல்லோரும் கேட்கும் மில்க் காட்டன்.

வெயிலில் நிறுத்திய கார் உள்ளே என்ன ஆகும் என்பதை நினைத்துக்கொண்டு இவற்றைப் பார்க்க வேண்டும். கதவடைத்து நிற்கும் காரின் டாஷ்போர்டு 60, 70 டிகிரி செல்சியஸ்வரை எளிதாகப் போகும். அந்தச் சூட்டில் எந்த நூலும் உருகாது. கெடுவது நிறம். இதில் அக்ரிலிக்தான் கெட்டிக்காரன். கடை வாசலில் கட்டும் நல்ல ரகக் கூடாரத் துணிகளை அக்ரிலிக்கில் நெய்வதற்குக் காரணமே அது வெயிலைத் தாங்குவதுதான். பருத்தி வெயிலில் மெதுவாக வலுவிழக்கும், மலிவான சாயமாக இருந்தால் நிறமும் சீக்கிரம் இறங்கும். மில்க் காட்டன் என்று விற்பது பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தது. எது எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், லேபிளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதில் ஒரு வேடிக்கை. கண்ணாடியில் தொங்கும் பூவுக்குத்தான் அதிக வெயில் என்று நினைப்போம். ஆனால் காரின் முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு படலம் வைத்து ஒட்டியது, புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை அந்தப் படலமே தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் ஒற்றைத் தகடு, அவ்வளவு தடுக்காது. ஆகவே கைப்பிடியில் தொங்கும் பூதான் வெளுப்பதற்கு அதிக வாய்ப்புள்ள பூ. இடத்தை முதலில் முடிவுசெய்யுங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கைப்பிடிக்கு அக்ரிலிக், தலையணைக்கு எதுவும் சரி.

அடுத்தது ஈரம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது. எல்லைக்கு அந்தப் பக்கமும் கதை அதேதான். நனைந்த குடையும் சகதிச் செருப்புமாக ஏறி இறங்கும் காரில் காற்று வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். பருத்தி அந்த ஈரத்தைக் குடிக்கும், பஞ்சடைத்த பருத்திப் பூ என்றால் உள்ளே பூஞ்சை பிடிக்கவும் கூடும். அக்ரிலிக் ஈரத்தை அதிகம் வாங்காது. காயவும் நேரமாகாது. இதே குணம் வாசனை விஷயத்தில் தலைகீழ்: நடுவில் ஒரு சொட்டு அத்தர் வைக்க வேண்டும் என்றால் பருத்திதான் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்படியானால் பருத்திக்கு வேலையே இல்லையா? உண்டு. இதழின் வடிவம் பருத்தியில் விழுவதுபோல அக்ரிலிக்கில் விழாது. முறுக்கேறிய, பளபளப்பான மெர்சரைஸ்டு பருத்தியில் ஒவ்வொரு தையலும் தனித்தனியாகத் தெரியும், ஓரம் கத்தரித்ததுபோல நிற்கும். அக்ரிலிக்கில் கொஞ்சம் மொசுமொசுவென்று இருக்கும், நாளாக நாளாகப் பிசிறு தட்டும். அருகில் வைத்துப் பார்க்கும் பூ பருத்தியில்தான் அழகு. மில்க் காட்டன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, தொட்டால் மெத்தென்று இருக்கும், நிறங்களும் அள்ளுகிற மாதிரி கிடைக்கும். அதன் தொல்லை, முறுக்கு தளர்ச்சி: ஊசி நூலைப் பிளந்துகொண்டு போகும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எரிச்சல்படுவது இதில்தான்.

வெல்வெட் நூலில் பின்னிய பூ படத்தில் சொக்கவைக்கும். பின்னும்போது தையல் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும், தூசியும் முடியும் அதில் ஒட்டினால் போகாது. காருக்கு அது வேண்டாம்.

கடையில் லேபிள் இல்லாமல் சிட்டமாகக் கிடக்கும் நூல் பருத்தியா அக்ரிலிக்கா என்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டு வெட்டி, வெளியே வந்து, இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். அக்ரிலிக் உருகிச் சுருண்டு கறுப்பாகக் கெட்டி உருண்டையாக நிற்கும். சாயத்துக்கும் ஒரு சோதனை உண்டு: ஒரு துண்டு நூலைப் பாதி அட்டையால் மூடி, மொட்டைமாடியில் இரண்டு வாரம் வைத்துவிட்டு இரண்டு பாதியையும் ஒப்பிடுங்கள். கல்யாணத்துக்கு இருபது முப்பது பூ பின்னப் போகிறவர்கள் இதைச் செய்யாமல் நூல் வாங்கக்கூடாது. ஒரே ஒரு பூவுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

ஊசி: நூல் லேபிளில் போட்டிருக்கும் அளவைவிட அரை மில்லிமீட்டர் சின்னதாக எடுங்கள். 3 என்று போட்டிருந்தால் 2.5. பின்னல் நெருக்கமாக விழும், இதழ் தானே நிமிர்ந்து நிற்கும். இதழை விறைப்பாக்கச் சிலர் கஞ்சி போடுவார்கள், சிலர் ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்துப் பூசுவார்கள். வீட்டுச் சுவருக்கு இரண்டும் சரி. காரில் கஞ்சிக்குப் பூச்சி வரும், ஈரத்தில் பூஞ்சையும் வரும். ஃபெவிகால் வெயில் சூட்டில் தளர்ந்து இதழ் தொங்கிவிடும். க்ளூ கன்னில் வரும் பசையும் அப்படித்தான், சூட்டில் உருக்கி ஒட்டியது சூட்டிலேயே விட்டுவிடும். காரில் தொங்கும் பூவின் ஒவ்வொரு துண்டையும் ஊசி நூலால் தைப்பதுதான் வழி. கடையில் வாங்கும்போதும் இதைத் திருப்பிப் பாருங்கள்: பின்பக்கம் பசை பளபளத்தால் அதை வீட்டில் மாட்டிக்கொள்ளலாம், காருக்கு ஆகாது.

கயிற்றுக்குத் தங்கூசி நரம்பு போட்டால் பூ அந்தரத்தில் நிற்பதுபோல இருக்கும் என்று பலர் ஆசைப்படுவார்கள். நைலான் வெயிலில் வலுவிழக்கும், முடிச்சும் நழுவும். பூ பின்னிய அதே நூலில் செயின் (சங்கிலித் தையல்) போட்டு, அதன்மேலேயே ஸ்லிப் ஸ்டிச் போட்டுத் திரும்பி வந்தால் இழுபடாத கயிறு கிடைக்கும். வெறும் செயின் மட்டும் போட்டால் பூவின் கனத்தில் நாளடைவில் நீண்டுவிடும்.

எந்தப் பூ

இப்போது பூவுக்கு வருவோம். கயிற்றில் தொங்கும் பூ சுற்றும். சுவரில் மாட்டிய பூவுக்கு முகம் ஒன்று, கயிற்றில் தொங்கும் பூவுக்கு முதுகும் தெரியும். தட்டையாகப் பின்னிய ஐந்திதழ்ப் பூவை அப்படியே தொங்கவிட்டால் பாதி நேரம் அது முடிச்சும் நூல் வாலுமாகத் தன் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். இதற்கு மூன்று தீர்வு: இரண்டு பூவை முதுகோடு முதுகு சேர்த்துத் தைப்பது, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றாக இருக்கும் உருண்டைப் பூவைப் பின்னுவது, இயற்கையிலேயே தலைகீழாகத் தொங்கும் பூவைத் தேர்ந்தெடுப்பது.

செம்பருத்தி முதல் வகை. எல்லா ஊரிலும் எல்லோருக்கும் தெரிந்த பூ, சிவப்பு கண்ணைப் பறிக்கும். ஆனால் அதன் அழகு நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டில் இருக்கிறது. அது நிமிர்ந்து நிற்க உள்ளே கம்பி வேண்டும், கம்பி வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டோம். இரண்டு பூவை முதுகோடு தைத்தால் இரண்டு பக்கமும் தண்டு நீட்டிக்கொண்டு பம்பரம் மாதிரி இருக்கும். செம்பருத்திதான் வேண்டும் என்றால் ஏசி கிளிப்பில் வையுங்கள்.

பிச்சி, மல்லிச் சரம் பின்னித் தாருங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. மொட்டு ஒவ்வொன்றும் விரல்நுனி அளவு, ஒரு சாண் சரத்துக்கு முப்பது நாற்பது மொட்டு வேண்டும், வெள்ளை நூல் இரண்டு மழையில் பழுப்பாகும். கூலி கட்டாது.

கேந்தி உருண்டைப் பூ. ஒரு வட்டம் பின்னி, அடுத்தடுத்த சுற்றில் ஒவ்வொரு தையலிலும் மூன்று நாலு தையல் திணித்தால் ஓரம் தானே நெளிந்து சுருளும், அதைச் சுருட்டித் தைத்தால் பூ. தையல் எண்ணிக்கை ஒன்றிரண்டு பிசகினாலும் யாருக்கும் தெரியாது, அந்த வகையில் புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிட நல்ல பூ இல்லை. மஞ்சள், ஆரஞ்சு இரண்டும் ஓணத்துக்குப் பொருந்தும். மடிப்புகளுக்குள் தூசி போய் உட்காரும், மாதம் ஒருமுறை கழற்றி உதறினால் போதும். கண்ணாடியில்தான் மாட்டுவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு 4 செ.மீ. கேந்தி ஒன்றை மட்டும் கொடுத்துவிடுவேன்.

எனக்கு அதிகம் பிடித்தவை தலைகீழாகத் தொங்கும் பூக்கள்தான். அதில் எல்லைக்காரர்களுக்கு என்றே அமைந்ததுபோல இரண்டு உண்டு: தமிழ்நாட்டின் மாநிலப் பூ செங்காந்தள், கேரளத்தின் மாநிலப் பூ கொன்றை. இரண்டுக்கும் நடுவே எதைப் பின்னுவது என்பதுதான் உண்மையிலேயே யோசிக்க வேண்டிய தேர்வு.

செங்காந்தள் தலைகுனிந்து, ஆறு இதழ்களையும் மேல்நோக்கி மடக்கிக்கொண்டு நிற்கும் பூ. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, ஓரமெல்லாம் நெளிவு. குரோஷாவில் நெளிவு வரவைப்பது சுலபம், ஓரத்தில் தையலைக் கூட்டினால் அலை தானே எழும்பும். கஷ்டம் நிறம் மாற்றுவதில். ஆறு இதழிலும் மஞ்சளை முடித்துச் சிவப்பைத் தொடங்க வேண்டும், அந்த வால்களையெல்லாம் உள்ளே மறைத்துத் தைக்க வேண்டும். மேல்நோக்கி மடங்கிய இதழ் அப்படியே நிற்க ஒவ்வொரு இதழின் நடுவையும் காம்போடு ஒரு தையல் போட்டுப் பிடிக்க வேண்டும். பொறுமையோடு செய்து முடித்தால் ஒரே பூ போதும், பார்க்கிறவர்கள் நின்று கேட்பார்கள். நான்கைந்து வருடம் குரோஷா பழகியவர்களுக்கு இது.

கொன்றை வேறு வழி. சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் ஒரே கயிற்றில் சரமாகத் தொங்குபவை, மேலே விரிந்த பூ, கீழே போகப் போக மொட்டு. தொங்குவதுதான் அதன் இயல்பு என்பதால் சரம் எப்படிச் சுற்றினாலும் கொன்றையாகவே இருக்கும். ஒரே நிறம், நிறம் மாற்றும் வேலை இல்லை. ஒரு பூ தட்டையாக வந்தாலும் பக்கத்துப் பூ மறைத்துவிடும். விஷுக்கணியில் கொன்றை இல்லாமல் இருக்காது, ஆகவே எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யாருக்குக் கொடுத்தாலும் என்ன பூ என்று சொல்ல வேண்டியிருக்காது. குறை என்றால் நீளம்: கண்ணாடிக்கு ஆகாது, கைப்பிடிக்கோ தலையணைக்கோதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கொன்றையைத்தான் எடுப்பேன். மைனிக்கும் கடைசியில் அதைத்தான் பின்னிக் கொடுத்தேன், பின் இருக்கைக் கைப்பிடிக்கு.

பின்னுவதா, வாங்குவதா

சுருக்கமாகச் சொல்கிறேன். குரோஷா பின்னும் இயந்திரம் என்று ஒன்று கடைச்சரக்கு அளவில் கிடையாது, பனியன் மாதிரி இயந்திரத்தில் வருவது வேறு வகைப் பின்னல். ஆகவே நீங்கள் வாங்கும் எந்தக் குரோஷாப் பூவும் யாரோ ஒருவர் கையால் பின்னியதுதான். நூறு ரூபாய்க்குக் கொன்றைச் சரம் கிடைத்தால் பின்னியவருக்கு அதில் என்ன கிடைத்திருக்கும் என்று யோசியுங்கள். இந்த மாவட்டத்தில் ரேந்தை (லேஸ்) வேலை 19ஆம் நூற்றாண்டிலேயே மிஷன் பெண்கள் வழியாக வந்து நாகர்கோவிலிலும் முளகுமூட்டிலும் வேர்பிடித்தது. கை வேகமும் கண்ணும் உள்ள பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். தெரிந்த ஒருவரிடம் நூலும் இடமும் சொல்லிப் பின்னச் சொல்வது, ஆன்லைனில் படம் பார்த்து வாங்குவதைவிட நல்லது, பசையா தையலா என்று நேரில் கேட்கலாம். எல்லாம் உள்ளே வைத்து விற்கும் ‘கிட்’ புதியவர்களுக்கு வசதிதான், ஆனால் அதில் வரும் நூல் பெரும்பாலும் மில்க் காட்டன், கூடவே ஒரு உலோக வளையமும் சில மணிகளும் இருக்கும். வளையத்தையும் மணியையும் எடுத்து வைத்துவிட்டுப் பின்னுங்கள்.

நீங்களே பின்னுவதாக இருந்தால் கொன்றைக்கு என் கணக்கு இது. யூடியூப் பார்த்துப் பின்னுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்பதைப் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்பார்கள். நான் சொல்வது அமெரிக்க முறை.

மெல்லிய மஞ்சள் அக்ரிலிக், 2.5 மி.மீ. ஊசி. பூவுக்கு மேஜிக் ரிங் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) போட்டு, அதற்குள் இரண்டு செயின், இரண்டு டபுள் குரோஷே, இரண்டு செயின், ஒரு ஸ்லிப் ஸ்டிச். இது ஒரு இதழ். இதேபோல ஐந்து முடிந்ததும் வளையத்தை இறுக்கி, ஒரு விரல் நீளத்துக்கு வால் விட்டு வெட்டுங்கள். இப்படி ஏழெட்டுப் பூ. மொட்டுக்கு மேஜிக் ரிங்கில் ஆறு சிங்கிள் குரோஷே, அதன்மேல் இன்னொரு சுற்று ஆறு, அதன் வாலையே உள்ளே திணித்து வாயைச் சுருக்கி மூட வேண்டும். மொட்டு மூன்று நாலு போதும். பச்சை நூலில் முப்பது செயின் போட்டு ஸ்லிப் ஸ்டிச்சில் திரும்பி வந்தால் காம்பு. அதே காம்பின் மேல்முனையில் கைப்பிடியைத் தாராளமாகச் சுற்றி வரும் அளவுக்குச் செயின் போட்டு வளையமாக்கினால் கைப்பிடிக்குள் விட்டு, மடித்துக் கண்ணிக்குள் சரத்தை இழுத்து மாட்டலாம். கொக்கியோ கிளிப்போ தேவையில்லை.

பூக்களைக் காம்பின் மேலிருந்து கீழே, நாலு பக்கமும் மாறி மாறி வரும்படி அதனதன் வாலாலேயே தைத்துக்கொண்டு வாருங்கள். மேலே நெருக்கமாக, கீழே போகப் போக இடைவெளி விட்டு, கடைசியில் மொட்டுகள். ஒவ்வொரு வாலையும் காம்புக்குள் ஒரு பக்கம் கொண்டுபோய் எதிர்ப்பக்கம் திருப்பிக் கொண்டுவந்தால் குழந்தை இழுத்தாலும் வராது. மேலே இஸ்திரி ஆவி காட்டாதீர்கள், அக்ரிலிக் அதில் துவண்டுபோனால் பழைய நிலைக்கு வராது. அழுக்கானால் ஷாம்பூத் தண்ணீரில் முக்கி, பிழியாமல் துண்டில் ஒற்றி, நிழலில் காயவைத்தால் போதும்.

அந்த மஞ்சள் நூலில் ஒரு சின்ன உருண்டையை எடுத்து வையுங்கள். ஜன்னல் பக்கம் இருக்கும் இரண்டு மூன்று பூதான் முதலில் வெளுக்கும். தனித்தனியாகத் தைத்திருப்பதால் அவற்றை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு தைத்துக்கொள்ளலாம்.